தண்ணீர் குடிக்காத வியாழக்கிழமைகள்

ஜூன் 5, வியாழன்

வழிபாட்டு மண்டபத்தில் என் திருநூல் வகுப்பிற்கு வந்தோர் தொகை மீண்டும் குறைந்தது. சென்ற ஆண்டு இந்நேரம் கீழ்த்தளத்திலிருந்து நாற்காலிகளை ஏற்றிவரச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று காலியானவற்றை எடுத்துச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன், வெற்றிடம் கண்ணை உறுத்தாமலிருக்கட்டும் என்று. பிரிவைப் பாடும் பகுதிக்கு உரை. இறைவனை விட்டு அகன்ற உயிர் படும் துயரை விரித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் தபாலம்மாவின் கண் கலங்கிற்று. வாழ்நாளெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் தபாலம்மாதான். அவர் ஒருவர் கலங்கினால் எனக்குப் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.

கடைசி இரண்டு அடிகளை விளக்காமலே முடித்தேன். "இவற்றின் பொருளை வீட்டில் நீங்களே சிந்தித்து வாருங்கள்" என்றேன். கல்லூரியில் தமிழ் கற்பித்தவளின் உத்தி என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உண்மை வேறு. மாடிப்படி இறங்கி, வளாகத்தின் மூலையிலுள்ள கழிவறையை எட்டுவதற்குள் தாமதமாகிவிட்டது. அடர்நீலப் புடவை, எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு மிடறு நீர்கூட அருந்தாமல் இருந்தும் இப்படி.

ஜூன் 7, சனி

மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில், என் வகுப்பைப் பற்றிய தாளின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு, ஒரு பச்சைத் தாள். "சிரிச்சா சொட்டுதா? தும்மினா நனையுதா? வாங்க, பேசலாம். அறுபது தாண்டின பெண்களுக்கு மட்டும். சனிக்கிழமை நாலு மணி, மாடி அறை." கையெழுத்து என் ஓரகத்தியுடையது. என் கணவருடைய தம்பியின் மனைவி. மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்று, அண்மையில் அடுத்த தெருவுக்கே குடிவந்திருக்கிறாள்.

வழிபாட்டு மண்டபத்தின் சுவரில் சொட்டுவதும் நனைவதும். அதுவும் நான் உரை சொல்லும் அதே அறையில்.

நான்கரை மணிக்குக் காய் வாங்கிக்கொண்டு அவ்வழியே வந்தேன். மாடியிலிருந்து தெருவரை சிரிப்பு கேட்டது. என் வகுப்பில் எவரும் அப்படிச் சிரித்ததில்லை. படிக்கட்டின் அடியில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அவற்றுள் பாதியை எனக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் காணாமற்போன செருப்புகள்.

ஜூன் 8, ஞாயிறு

கொழுந்தனாரும் அவளும் மாலையில் வந்திருந்தார்கள். அவள் அரைக் கோப்பைத் தேநீரோடு நிறுத்திக்கொண்டாள். "டீயும் காபியும் நம்ம பைக்கு ஆகாது அக்கா. உள்ள போய் உசுப்பிவிட்டுடும்" என்றாள். பை என்று அவள் சொன்னது மூத்திரப்பையை. என் கணவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்; அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"அக்கா, நீங்களும் ஒரு சனிக்கிழமை வாங்களேன்."

"எனக்கு எதற்கு?"

"எதுக்குன்னா? வந்து என் தமிழ்ல தப்பு கண்டுபிடிங்க."

"போயேன்" என்றார் என் கணவர். "அவ பேசினா நேரம் போறதே தெரியாது."

நான்கு ஊர்களில் மேடையேறியிருக்கிறேன். மூன்று நாள் தொடர் உரை நிகழ்த்திய ஆண்டு, வீடு திரும்பும் வழியில் இவர் சொன்னது நினைவிருக்கிறது: "மைக் செட் நல்லா இருந்துது."

ஜூன் 12, வியாழன்

ஐந்து பேர். ஐந்தில் ஒருவர் காவலாளி, விளக்கணைக்கக் காத்திருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

வழிபாட்டில் மனம் நிற்கவில்லை. அழுக்காறு என்பது பற்றி நானே எத்தனை முறை உரை சொல்லியிருக்கிறேன். அயலான் வீட்டு விளக்கை ஊதி அணைக்கப் புறப்பட்டவன் தன் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுப் போகிறான் என்று ஓர் உவமைகூடக் கட்டினேன், கைதட்டினார்கள். இன்று கண்ணை மூடி அமர்ந்தால் இறைவனின் திருவுரு வரவில்லை. பச்சைத் தாள்தான் வருகிறது. அவளுக்கு ஒரு செய்யுளுக்குப் பதம் பிரிக்கத் தெரியுமா? ஓர் அடியையாவது மூச்சு முறியாமல் சொல்வாளா? அவளைச் சுற்றி நாற்பது பேர். எதற்கு? மூத்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு.

எனக்கு மட்டும் அது தெரியாத விஷயமா என்ன. எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். எங்கே போனாலும் கதவு எங்கே என்று முதலில் பார்ப்பது, வெளிர்நிறப் புடவைகளையெல்லாம் பெட்டியின் அடியில் தள்ளியது, தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பது — இதையெல்லாம் சொல்லி நானும்தான் கூட்டம் சேர்த்திருக்கலாம்.

ஜூன் 21, சனி

போனேன். உள்ளே அல்ல. மாடிப்படியின் திருப்பத்தில் புத்தக அலமாரி இருக்கிறது. ஏதோ எடுக்க வந்தவள்போல் அங்கே நின்றேன்.

அவள் குரல்: "வயசானா இது வந்தே தீரும்னு யார் சொன்னது? வரலாம். வந்தா சரிபண்ண வழியும் இருக்கு. மூத்திரம், காத்து ரெண்டையும் ஒரே நேரத்துல அடக்கற மாதிரி உள்ள இழுங்க. வயித்தை எக்காதீங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. தையலக்கா, புருவத்தை எதுக்கு இழுக்கறீங்க? அது வேற ஊரு."

சிரிப்பு. நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"ஐயோ, சிரிக்க வைக்காதே, போயிடும்."

"அதுக்குத்தானே சிரிக்க வைக்கறேன். சிரிப்பு வரப்போகுதுன்னா முன்னாடியே இழுத்துப் பிடிங்க. தும்மலுக்கும் அப்படித்தான்."

பிறகு யாரோ: "இதெல்லாம் சரி, பாட்டு வகுப்புல ஒன்றரை மணி நேரம் எப்படி உக்கார்றது? நடுவுல எழுந்தா டீச்சரம்மா பாட்டை நிறுத்திட்டு ஒரு பார்வை பாப்பாங்களே. அந்தப் பார்வைக்கே பாதி போயிடும்."

அதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு.

"அவங்களும் நம்ம வயசுதானே, அவங்க எப்படி அசையாம இருக்காங்க?"

"அவங்க வியாழக்கிழமை பச்சைத்தண்ணி தொடமாட்டாங்க. விரதம். அந்த பலம்."

"விரதமா?" என்றாள் என் ஓரகத்தி.  பிறகு, "சரி, இன்னொரு தடவை. இழுங்க… விடுங்க" என்றாள்.

விரதம். நான் அப்படி எவரிடமும் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை, ஏனென்றால் இதுவரை எவரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது உள்ளே ஏதோ இனித்தது. கூட்டம் அவளுடையதாக இருக்கட்டும். அந்த பலம் என்னுடையது என்று அவள் அறையிலேயே பேசிக்கொள்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

மண்டபச் செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தி அல்ல.

"சனிக்கிழமை இடம் பத்தலம்மா. உங்க ஓரகத்திக்கு வியாழக்கிழமையும் ஒரு மணி நேரம் குடுக்கலாமான்னு பாக்கறோம்."

"என் நேரத்திலிருந்தா?"

"உங்களுக்கும் சிரமம் குறையுமேன்னுதான். அப்புறம், செப்டம்பர் ஓதல். மூணு மணி நேரம் நீங்க ஒருத்தரே… இந்த வருஷம் பாதிப் பாதியா பிரிச்சுக்கலாமா?"

ஆண்டுக்கு ஒருமுறை, திருநூல் முழுவதையும் ஒரே அமர்வில் ஓதி முடிப்பது இம்மண்டபத்தின் வழக்கம். தொடங்கிய ஓதல் முடியும்வரை இடையறக் கூடாது. மண்டபம் கட்டிய நாள்முதல் அந்த இருக்கை என்னுடையது. வேறு எவருக்கும் நூல் முழுதும் வராது.

"நானே ஓதுவேன், முழுவதும்" என்றேன். வகுப்பு நேரத்திலும் கை வைக்கக் கூடாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரம், மேடையில், நூறு பேர் பார்க்க. இன்று வகுப்பில் ஒரு மணி நேரம்கூடத் தாளவில்லை. இறைவா, அந்த ஒரு நாள் மட்டும் காத்துக்கொடு. முந்தின நாள் காலையிலிருந்தே நீரை விட்டுவிடுகிறேன்.

ஜூலை 10, வியாழன்

வகுப்பு பாதியில் கலைந்தது.

கடும் வெப்பம். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றியது. நான்காம் பாடலின் நடுவில் தபாலம்மா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். ஏதோ பதிவுத் தபாலுக்கு ரசீது கேட்டு முனகினார். நான் கூப்பிட்டது அவருக்கு எட்டவில்லை. செயலாளர் அடுத்த தெருவுக்கு ஆள் அனுப்பி என் ஓரகத்தியை அழைத்துவந்தார். அவள் தரையில் மண்டியிட்டு, தபாலம்மாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து… சாயந்திரம். இன்னிக்கு வியாழக்கிழமை. டீச்சரம்மா மாதிரி."

ஓரகத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். உடனே வண்டிக்குச் சொல்லுங்கள் என்று செயலாளரிடம் திரும்பிவிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

மருத்துவமனை. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரில் கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டதாம். இந்த வயதில் அது புத்தியைக்கூடக் குழப்பிவிடுமாம். சில நாள் இருக்க வேண்டும். இன்று தெளிவாகப் பேசினார்.

"எனக்கும் அந்தத் தொந்தரவு ரொம்ப நாளா உண்டு டீச்சரம்மா. சனிக்கிழமை கிளாஸுக்குப் போகலாம்னுகூட நெனச்சேன். ஆனா நீங்க பக்தியாலேயே அடக்கி உக்காந்திருக்கீங்க. எனக்கு அந்த அளவு பக்தி இல்லையேன்னு வெக்கமா இருந்துது. சரி, விரதத்துலேருந்து ஆரம்பிப்போம்னு…"

அவர் கையில் ஊசி குத்திய இடத்தில் ஊதாப்பூப்போல் தடிப்பு. நான் எழுந்தேன். துக்கம் தாளாமல் எழுந்தேன் என்று அவர் நினைத்திருப்பார். நடைக்கோடியில் இருந்த கழிவறைக்குத்தான் போனேன்.

ஜூலை 12, சனி

சொல்லியிருக்கணும். படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அந்த ஒரு வார்த்தை ஏன் வரல? பக்தியாம். என் பக்தி! தபாலம்மா பொழச்சு வந்தா போதும். நான் என்னத்தைக் கத்துக்கொடுத்தேன் இத்தனை வருஷமா?

ஜூலை 14, திங்கள்

ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். கொழுந்தனார் கடைக்குப் போயிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் செம்மையாகக் கோத்து வைத்திருந்த முறையில் தொடங்கினேன்: "சில காலமாகவே எனக்கு உடலில் ஒரு—"

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"எந்த வீட்டுக்குப் போனாலும் நீங்க சாமி படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் கதவைப் பாக்கறீங்க. கிளம்பும்போது வரலன்னாலும் ஒரு தடவை போயிட்டு வர்றீங்க. அது பையைக் கெடுக்கற பழக்கம். கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பழகிடும்."

"தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா வருவீங்களா? நான் கேட்டேன்னே வராம இருந்திருப்பீங்க." துணியை உதறினாள். "எனக்கும்தான் இருந்துது. ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம். வார்டுல ஓடுவேன், நனையும், மாத்துவேன், ஓடுவேன். யார்கிட்டயும் சொல்லல, நர்ஸாச்சே. பத்து வருஷம்."

இதை இங்கே எழுதத்தான் வேண்டும், பொய் எழுதிப் பயனில்லை: அவள் அதைச் சொன்ன கணத்தில் இரக்கத்துக்கு முன்னால் எனக்குள் எழுந்தது, இதிலும் இவள் எனக்கு முந்திவிட்டாளே என்பதுதான்.

அவள் சொன்னவை: தண்ணீரை நிறுத்தக் கூடாது. குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, எரிச்சலூட்டி, இன்னும் அவசரப்படுத்தும். மலச்சிக்கல் ஆகாது. உந்துதல் வந்ததும் ஓடாமல், நின்று, இழுத்துப் பிடித்து, அது தணிந்த பிறகு நடக்க வேண்டும்; இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். பயிற்சி நாள்தோறும் மூன்று வேளை. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டித் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

"பத்து எண்ற வரைக்கும் பிடிங்க அக்கா. முடியலன்னா அஞ்சு."

ஜூலை 20, ஞாயிறு

மருத்துவர் பார்த்தார். தொற்று இல்லை. பயிற்சியைத் தொடரச் சொன்னார்.

எண்ணுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஏழுக்கு மேல் மனம் அலைகிறது. அதற்குப் பதிலாக, காலை வழிபாட்டின்போது ஓர் அடியை மனத்துக்குள் சொல்லி முடிக்கும்வரை பிடிக்கிறேன். அடுத்த அடிக்கு விடுகிறேன். இறைவன் பொறுத்துக்கொள்வான். இந்த உடலும் அவன் கொடுத்ததுதானே.

ஆகஸ்ட் 2, சனி

அடிகளால் அளக்கும் முறையை விளையாட்டாக ஓரகத்தியிடம் சொல்லியிருந்தேன். இன்று அவள் வகுப்பில் எல்லோரையும் ஒரு பாட்டின் அடிக்கு இழுக்கச் சொல்லியிருக்கிறாள். பிரமாதமாம். துணி தைக்கும் தையலக்கா தெருவிலேயே நிறுத்திச் சொன்னார்: "உங்க ஓரகத்தி என்னமா யோசிக்கறாங்க."

என் பெயரைச் சொன்னாளாம், ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததில் யார் காதிலும் விழவில்லையாம். விழுந்திருக்காது. பொதுவாகவே விழாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபாலம்மா வகுப்பிற்குத் திரும்பினார். தொடங்குமுன், மேசையில் இரண்டு குவளைகளை வைத்து நீர் ஊற்றினேன். அவர் திகைத்தார்.

"என்னம்மா, வியாழக்கிழமை ஆச்சே."

"அது விரதமில்லை. பயம்" என்றேன். "நனைந்துவிடுமோ என்ற பயம். எனக்கும் உங்கள் தொந்தரவுதான்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினேனோ தெரியவில்லை. பிறகு நாற்காலியை மேசையருகே நகர்த்திக்கொண்டார்.

"பயம்தானா? அப்ப எனக்கு நல்லா நிறைய ஊத்துங்க."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்து நாளாக உலர்ந்தே இருக்கிறேன். இருமினால்கூட.

செப்டம்பர் 11, வியாழன்

ஓதலுக்கு ஒத்திகை. வீட்டில், இடையில் எழாமல், நீர் பருகிக்கொண்டே, முழுவதையும் ஓதி முடித்தேன். ஒரு சொட்டு இல்லை. ஓரகத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். சொல்லும்போது, ஞாயிறன்று செயலாளர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம் அக்கா. நீங்க உக்காந்துடுவீங்க." பிறகு, "முன்னாடி உக்காந்திருக்கறவங்க?" என்றாள்.

உடனே தொலைபேசியை வைத்துவிட்டாள். மேலே ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. நல்ல குரல் அமைந்த நாள். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நடுப்பகுதியை நெருங்கும்போது நூலிலிருந்து கண்ணை எடுத்தேன். முன்வரிசையில் தையலக்கா காலைப் பின்னியிருந்தார். அவரையடுத்தவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தபாலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எந்த அவசரமும் இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் என்னால் இருந்திருக்க முடியும். இம்முறைதான், எத்தனையோ ஆண்டுகளில் முதல்முறையாக, அச்சமின்றி முடித்திருப்பேன்.

என்னுடைய நாள் அது. அது எனக்கு வேண்டும் என்றே இருந்தது.

பாடலை ஓதிக்கொண்டே ஓரகத்தியை விரலால் அழைத்தேன். அவள் மேடையேறி வந்ததும் நூலைத் திருப்பி, வரியைத் தொட்டுக் காட்டினேன். குரல் அறக் கூடாதே. அடி முடிந்த இடத்தில் அவள் தொடங்கினாள். காய்ச்சல் அட்டவணையை வாசிப்பதுபோல் தொடங்கினாள். நான் எழுந்தேன். ஒலிபெருக்கி இல்லாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் கழிவறைக்குப் போய்வருகிறேன். வேண்டியவர்கள் வரலாம்" என்றேன்.

முன்வரிசை முழுவதும் எழுந்தது. பிறகு அடுத்த வரிசை. படிக்கட்டில் தையலக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நீங்க முதல்ல போங்க, எனக்கு இழுத்துப் பிடிக்கத் தெரியும்" என்றார், வரிசையே சிரித்தது. அந்த வரிசையில் நின்றுதான், சன்னல் வழியாக, நான் அத்தனை ஆண்டு ஓதிய பாடல்களை முதல்முறையாக வேறொருவர் குரலில் கேட்டேன். இசை இல்லை. பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்தாள். ஆனாலும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் நோயாளிக்கு மருந்து சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னாள். எவருக்கும் புரியும். எனக்கே ஓர் அடி புதிதாகப் புரிந்தது. அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

திரும்பி வந்து மீதியை ஓதி முடித்தேன். முடிந்தபின் செயலாளர் நேராக அவளிடம் போய், அருமையாக வாசித்தீர்கள் என்றார். என் கணவரும் அங்கேதான் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவராகவே, "நீ எழுந்து போனது நல்லா இருந்துது" என்றார். அதற்கு என்ன பொருள் கொள்வது என்று இன்னும் விளங்கவில்லை. மைக் செட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பெட்டியின் அடியிலிருந்து சந்தன நிறப் புடவையை எடுத்து உடுத்திப் போனேன். கீழ்த்தளத்திலிருந்து நாற்காலிகள் ஏற்றிவர வேண்டியிருந்தது. கதவோர நாற்காலிகள்தான் முதலில் நிரம்பின.

ஓரகத்தியும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள். என் உரையின் மிக நல்ல இடத்தில், எல்லோரும் மூச்சடங்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எழுந்து வெளியே போனாள். நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பழைய பார்வைதான், அவளுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். அவள் திரும்பி வந்து, புடவையைச் சரிசெய்து உட்கார்ந்து, "எங்க விட்டீங்க அக்கா?" என்றாள்.

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.